ஆற்றைக் கேட்டுப் புறப்படுங்கள்

தலைப்பு: காரியம் கைகூடப் பெரிதும் துணை நிற்பது விடாமுயற்சியா? ஏற்ற காலமா?
அணி: ஏற்ற காலமே!

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! விடாமுயற்சி, விடாமுயற்சி என்று விடாமல் பேசிக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) பண்டிகைப் பலகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஒரு போடு போட்டார்கள். "காலம் வரட்டும், நேரம் வரட்டும் என்பதெல்லாம் சோம்பேறிகள் கண்டுபிடித்த சாக்கு. முட்டி மோதினால் எதுவும் நடக்கும்" என்றார்கள். பலத்த கைதட்டல். நானும் தட்டினேன். ஏனென்றால், இந்தக் கொள்கையை அப்படியே நம்பி, 2000 கிலோமீட்டருக்கு மேலே பயணம் போய், முட்டி மோதி, முட்டி மட்டும் வீங்கித் திரும்பி வந்த ஒரு ஆள் இருக்கிறான். அந்த ஆள் அடியேன்தான்! (சிரிப்பு, கைதட்டல்)

என் மகனுக்குச் சண்டிகரில் வேலை. வயது 27. அங்கே ஒரு நண்பனோடு சேர்ந்து ஃப்ளை ஃபிஷிங் கற்றுக்கொண்டான். ஃப்ளை என்றால் ஈ. அவன் அம்மாவுக்கு ஒருநாள் போன் பண்ணி, "அம்மா, லீவு நாள்ல ஈ வச்சு மீன் பிடிக்கிறேம்மா" என்றான். அவள் என்ன கேட்டாள் தெரியுமா? "ஏன்டா, ஈ ஓட்டுறதுக்கா உன்னைக் கடன் வாங்கி இன்ஜினியரிங் படிக்க வச்சோம்?" (பலத்த சிரிப்பு)

அது என்ன வித்தை என்று நான் சொல்லிவிடுகிறேன். நம்ம ஊர் வாய்க்காலில் மண்புழுவைக் கோத்துத் தூண்டில் போடுவோம். தக்கை ஆடினால் இழுப்போம். இதில் புழு கிடையாது, தக்கை கிடையாது. சின்ன முள்ளின் மேலே இறகையும் நூலையும் சுற்றி, பூச்சி மாதிரி ஒரு பொய்ப்பூச்சி செய்கிறார்கள். அதற்குக் கனமே இல்லை, எப்படி எறிவது? கயிறுதான் கனம். அந்தக் கயிற்றைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் வீசி வீசி, நிஜப் பூச்சி வந்து உட்காருகிற மாதிரி தண்ணீரில் மெல்ல இறக்க வேண்டும். மீன் அதைப் பார்க்க வேண்டும், நம்ப வேண்டும், பசிக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் வாயைத் திறக்கும்.

இப்படி இருக்கையில் என் மகன் வேலை பார்த்த கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்கள். அதில் இவனும் ஒருவன். அதற்குப் பிறகு வீட்டோடு அவன் பேசியது மொத்தம் மூன்றே சொல். "ம்." "சரி." "அப்புறம் பேசறேன்." பிள்ளை பெற்ற எத்தனையோ பேர் இங்கே இருக்கிறீர்கள். அந்த "அப்புறம் பேசறேன்" என்ன பாடு படுத்தும் என்று உங்களுக்குத் தெரியும்.

நான் முடிவெடுத்தேன். அவனுக்குப் பிடித்த இடத்துக்கே குடும்பத்தோடு போவோம், மீன் பிடிக்கட்டும், மனம் விட்டுப் பேசட்டும் என்று. இமாசலப் பிரதேசம், குலு மாவட்டம், தீர்த்தன் என்று ஓர் ஆறு. மலையிலிருந்து இறங்கி வந்து லார்ஜி என்ற இடத்தில் பியாஸ் நதியோடு சேர்கிறது. அதில் ட்ரவுட் என்று ஒரு குளிர்நீர் மீன். நம் நாட்டு மீன் இல்லை. 1909-இல் ஹோவெல் என்ற ஆங்கிலேய அதிகாரி குலு பகுதியில் கொண்டுவந்து விட்டது.

எந்த மாதம் போவது? இங்கேதான் உங்கள் பேராசிரியர் அறிவைக் காட்டினார். எனக்கு லீவு ஜூலையில் கிடைத்தது. விடுதியில் விசாரித்தால், ஜூலையில் பாதி வாடகை! என் மனைவி கேட்டாள், "ஏங்க, பாதி விலைக்குத் தர்றான்னா ஏன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?" நான் சொன்னேன், "கேள்வி கேக்குறது என் தொழில். நீ பெட்டியைக் கட்டு." (சிரிப்பு)

போனோம். மண்டி தாண்டியதும் மழை. மலைச் சரிவிலிருந்து கல் உருண்டு, பாதையில் இரண்டு மணி நேரம் நின்றோம். ஒருவழியாக விடுதிக்குப் போய் ஜன்னலைத் திறந்தேன். ஐயா, ஆறா அது? நம்ம ஊர் டீக்கடையில் சாயங்காலம் ஆறு மணிக்குப் பாய்லரில் மிச்சம் இருக்குமே ஒரு டீ, அந்த நிறம்! உறுமிக்கொண்டு போகிறது. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னாள்: "பரவாயில்லைங்க. பாதி வாடகைக்கு ரெண்டு மடங்கு ஆறு குடுத்திருக்கான்." (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

எதிரணி நண்பர்களே, நான் விட்டேனா? விடாமுயற்சி! மூன்று நாள் அந்த வெள்ளக் கரையில் மகனை நிறுத்தி வைத்தேன். "வீசு, இன்னொரு தடவை வீசு, முயன்றால் முடியாதது இல்லை." அவன் வீசினான். மீனின் வால் கூடத் தெரியவில்லை. மூன்றாம் நாள் வழிகாட்டியாக வந்த ஒரு மலைக்கிராமத்துப் பெரியவர் என் கையைப் பிடித்துக் கரையோரம் கூட்டிப் போனார். தன் கைத்தடியைத் தண்ணீரில் ஒரு சாண் இறக்கினார். தடி தெரியவில்லை. இந்தியில் ஏதோ சொன்னார். மகன் மொழிபெயர்த்தான்: "முழங்கால் அளவு தண்ணியில நின்னா கால்விரல் தெரியணுமாம். நமக்கு விரல் தெரியலைன்னா மீனுக்குப் பூச்சி தெரியாதாம். ஆத்துக்கு இப்போ காய்ச்சலாம். காய்ச்சல்காரன்கிட்ட உக்காந்து கதை கேக்காதீங்கன்னு சொல்றாருப்பா."

எனக்கு அது உறைக்கவில்லை. அன்று ராத்திரி அறையில் மகனைப் பிடித்துக்கொண்டேன். "எத்தனை இடத்துல அப்ளை பண்ணின? என்ன பதில் வந்துச்சு? உன்னை மட்டும் ஏன் அனுப்பினாங்க? ஏன் வாயைத் திறக்க மாட்டேங்குற?" அவன் எழுந்தான். மழையில் வெளியே போய் நின்றுகொண்டான். என் மனைவி சொன்னாள், "பகல்ல ஆத்துல பண்ணினதையே ராத்திரி வீட்டுக்குள்ள பண்றீங்க." (அமைதி)

நடுவர் அவர்களே, ஊருக்கு வந்த பிறகுதான் அந்தப் பெரியவர் சொன்னதையும், புத்தகங்கள் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தேன். அந்த ஆற்றுக்கு ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது.

மார்ச் முதல் தேதி அங்கே ட்ரவுட் பருவம் திறக்கிறது. ஆனால் தண்ணீர் பனிக்கட்டிக் குளிர். மீன் மந்தமாக இருக்கும். மதியம் வெயில் ஏறினால்தான் கொஞ்சம் இரை எடுக்கும். ஏப்ரலில் தண்ணீர் லேசாகச் சூடேறும், பூச்சிகள் எழும், மீனுக்குப் பசி வரும். நல்ல காலம். மே, ஜூனில் மேலே பனி உருகும். பகல் வெயிலில் உருகிய தண்ணீர் சாயங்காலம் கலங்கி வரும். அப்போது போகிறவர்கள் விடியற்காலையில் ஆற்றில் இருக்க வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் பருவமழை. சேறு, வெள்ளம், மண்சரிவு. 2023 ஜூலையில் பியாஸ் நதியின் வெள்ளம் பாலங்களையும் வீடுகளையும் அடித்துக்கொண்டு போனதைத் தொலைக்காட்சியில் பார்த்தோமே, அதே பகுதி, அதே மாதம்! பாதி வாடகைக்குக் காரணம் இப்போது புரிகிறதா? செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் கடைசி வரை மழை ஓய்ந்து ஆறு தெளியும். குளிர்காலம் வருகிறது என்று மீன் நன்றாக இரை எடுக்கும். அது இரண்டாவது நல்ல காலம்.

நவம்பர் முதல் பிப்ரவரி முடிய? கதவு சாத்து! சட்டப்படி பிடிக்கக் கூடாது. ஏன்? அந்த ஆற்றிலுள்ள பழுப்பு ட்ரவுட் குளிர்காலத்தில்தான் முட்டையிடுகிறது. தாய்மீன் வாலால் கூழாங்கல்லைத் தள்ளிக் குழி பறித்து, முட்டையிட்டு, மேலே கல்லை மூடிவிடும். தண்ணீரின் குளிர்ச்சியைப் பொறுத்து, குஞ்சு வர ஒன்றரை மாதமும் ஆகலாம், மூன்று மாதத்துக்கு மேலும் ஆகலாம். அந்த நேரத்தில் நீங்கள் விடாமுயற்சியோடு ஆற்றில் இறங்கி நடந்தால், பூட்ஸ் காலுக்குக் கீழே ஒரு தலைமுறையே நசுங்கும்.

இது நமக்குப் புதிதா? நம் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. 2017-க்கு முன்னால் 45 நாளாக இருந்தது. மீன் இனம் பெருகட்டும் என்று, அந்த இரண்டு மாதமும் வருமானத்தை விட்டுக்கொடுத்து, வலையைப் பின்னிக்கொண்டு காத்திருக்கிறான் நம் மீனவன். அவனை யாராவது சோம்பேறி என்று சொல்ல முடியுமா, சகோதரி? (பலத்த கைதட்டல்)

எதிரணியில் ஒருவர் கேட்டார், "காலம், காலம் என்கிறீர்களே, ராகுகாலம் பார்க்கச் சொல்கிறீர்களா?" இல்லை ஐயா! ராகுகாலத்துக்குத் தண்ணீர் கலங்காது. (சிரிப்பு) நான் சொல்வது பருவம். பருவத்துக்குக் காரணம் உண்டு. ட்ரவுட் குளிர்ந்த நீரில் வாழ்வது ஏன்? குளிர்ந்த நீரில்தான் பிராணவாயு அதிகம் கரையும். 10 டிகிரியில் ஒரு லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம். 25 டிகிரியில் சுமார் 8. தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினால் அந்த மீனுக்கு மூச்சு முட்டத் தொடங்கும், இரை எடுப்பது குறையும். அப்போது பிடித்துத் திரும்ப விட்டால்கூடச் செத்துப்போகலாம்.

காரணம் ஒன்றுதான். ஆனால் நாள்காட்டி ஊருக்கு ஊர் மாறும். ஸ்காட்லாந்தில் பழுப்பு ட்ரவுட் பருவம் மார்ச் 15 முதல் அக்டோபர் 6 வரை. பூமியின் தென்பாதியில் இருக்கும் நியூசிலாந்தில் பெரும்பாலான ஆறுகள் அக்டோபரில்தான் திறக்கின்றன, ஏப்ரலோடு முடிகின்றன. அங்கே கோடை நமக்கு மார்கழி! நம் நீலகிரியிலும் ட்ரவுட் உண்டு. வில்சன் என்ற ஆங்கிலேயர் பாடுபட்டு, 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வந்தது. அந்த அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. ஊட்டிக் கோடை விழாவை மனதில் வைத்துக்கொண்டு ஆகஸ்டில் அங்கே போய் நின்றால், மீன் பிடிக்க முடியாது, ஜலதோஷம்தான் பிடிக்கும். (சிரிப்பு)

இன்னொரு வேடிக்கை. இங்கிலாந்தில் 1496-இல், அதாவது 500 வருஷத்துக்கும் முன்னால், தூண்டில் மீன்பிடிப்பு பற்றி ஒரு நூல் அச்சாகியிருக்கிறது. அதில் 12 பொய்ப்பூச்சிகள் சொல்லப்படுகின்றன. எப்படி? மார்ச்சுக்கு இது, ஏப்ரலுக்கு இது, மே மாதத்துக்கு இது என்று மாதவாரியாக! ஏனென்றால் எந்த மாதத்தில் எந்தப் பூச்சி ஆற்றில் எழுகிறதோ, அதைத்தான் மீன் தின்னும். மே ஈ என்று ஒன்று இருக்கிறது. ஒரு வருஷம், இரண்டு வருஷம் ஆற்றின் அடியில் புழுவாகக் கிடக்கும். பிறகு சிறகு முளைத்து மேலே வரும். வந்த பிறகு அதன் ஆயுள் சில மணி நேரம், மிஞ்சினால் ஒன்றிரண்டு நாள். சாப்பிட வாய்கூடக் கிடையாது. மழை விட்ட சாயங்காலம் நம்ம ஊரில் ஈசல் கிளம்புமே, கோழிகளுக்கெல்லாம் கல்யாண விருந்து நடக்குமே, அந்த மாதிரி ஆறு முழுக்க மீன்களுக்கு விருந்து. இங்கிலாந்தில் அந்த இரண்டு வாரத்துக்கு ஒரு செல்லப்பெயர் உண்டு: "மக்குகளின் பதினைந்து நாள்"! தூண்டிலே பிடிக்கத் தெரியாத மக்கு கூட அப்போது மீன் பிடித்துவிடுவானாம். (பலத்த சிரிப்பு) நடுவர் அவர்களே, காலம் கூடினால் மக்குக்கும் மீன் கிடைக்கிறது. காலம் தவறினால் டாக்டர் பட்டம் வாங்கியவனுக்கும் சேறுதான் கிடைக்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? (கைதட்டல்)

வள்ளுவர் காலமறிதல் என்று தனியாக ஓர் அதிகாரமே வைத்தார். அதில் அவர் காட்டிய பறவைகளில் ஒன்று எது? கொக்கு! மீன் பிடிக்கிற கொக்கு. நாற்பது வருஷமாக வகுப்பில் படித்தும் நடத்தியும் வந்த அதிகாரம். ஆற்றங்கரையில் நிற்கும்போது எனக்கு ஞாபகம் வரவில்லை.

அதே வருஷம் அக்டோபர் முதல் வாரம், மறுபடியும் போனோம். இந்தத் தடவை தேதியைக் குறித்தது என் மனைவி. முழு வாடகை! (சிரிப்பு) அதே ஜன்னல், அதே ஆறு. ஆனால் அடியில் கிடக்கிற கூழாங்கல்லை ஒவ்வொன்றாக எண்ணலாம். நான் முழங்கால் அளவு இறங்கினேன். குளிரில் கால் மரத்துப்போனது. ஆனால் பத்து விரலும் தெரிந்தன.

மீன்துறையில் முறையாக உரிமச்சீட்டு வாங்கிக்கொண்டு மகன் இறங்கினான். சாயங்காலம், தண்ணீர் மேலே சின்னச் சின்னப் பூச்சிகள். ஐந்தாவது வீச்சோ ஆறாவது வீச்சோ, கயிறு விறைத்தது. வளைந்து நெளிந்து வந்தது ஒரு பழுப்பு ட்ரவுட். உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி, நடுவில் சிவப்புப் புள்ளி, அதைச் சுற்றி வெளிறிய வளையம். பொட்டு வைத்த மாதிரி. நான் குழந்தை மாதிரி கத்திவிட்டேன். அந்தப் பெரியவர் மட்டும் அதன் வயிற்றைக் காட்டினார். பருத்திருந்தது. அடுத்த மாதம் முட்டையிடப்போகிற தாய். மகன் ஒன்றும் கேட்கவில்லை. கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டான். காய்ந்த கையால் தொட்டால் அதன் மேலே இருக்கிற வழுவழுப்பு போய்விடுமாம். மெதுவாக முள்ளை எடுத்து, ஓட்டத்துக்கு எதிரே அதன் தலையைப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் வாலை ஒரு வீசு வீசிப் போய்விட்டது.

பிறகு ஒரு பாறையில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். என் நாக்கு நுனியில் பத்துக் கேள்வி. எல்லாவற்றையும் விழுங்கினேன். மேடையில் ஒரு நொடி சும்மா இருக்கத் தெரியாதவன் அரைமணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அவனாகவே பேசினான்.

"அப்பா, என்னை வேலையை விட்டு அனுப்பினது கூட எனக்குப் பெரிசாத் தெரியலைப்பா. நீங்க ஒவ்வொரு மேடையிலயும் 'என் பையன் இன்ஜினியர்'னு பெருமையாச் சொல்வீங்க. இனிமே என்னைப் பத்தி என்ன சொல்வீங்கன்னு நினைச்சேன். அதான் உங்ககிட்டப் பேச முடியலை."

(அமைதி)

ஜூலையில் நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் அதுதான். அப்போதும் அவனுக்குள் அந்தப் பதில் இருந்தது. தெளிவதற்கு நாள் தேவைப்பட்டது. நான் கலங்கின தண்ணீரில் வீசிக்கொண்டே இருந்தேன். அவன் இப்போது வேறு வேலையில் இருக்கிறான். இதை இங்கே சொல்லலாமா என்று கேட்டேன். "சொல்லுங்கப்பா, ஆனா இன்ஜினியர்னு சொல்லாம, மீன் பிடிக்கிற பையன்னு சொல்லுங்க" என்றான். (பலத்த கைதட்டல்)

எதிரணித் தலைவர் குறிப்பு எடுக்கிறார். என்ன எழுதுகிறார் என்று எனக்குத் தெரியும். "இரண்டாவது தடவை போனீரே, அது விடாமுயற்சிதானே?" என்று கேட்கப்போகிறார். ஐயா, ஜூலையிலேயே பத்துத் தடவை போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பத்துத் தடவையும் சேறுதான். முயற்சி வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. கயிறு வீசப் பழகாதவனுக்கு அக்டோபரும் மீன் தராது. ஆனால் வீசிப் பழகிய கைக்கும், ஆறு தெளிந்தால்தான் வேலை!

ஆகவே, இப்படிப் பயணம் போக நினைக்கிற குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. லீவு எப்போது, வாடகை எவ்வளவு என்று தொடங்காதீர்கள். முதலில் மூன்று கேள்வி கேளுங்கள். அந்த ஆற்றில் அந்த மாதம் பிடிக்கச் சட்டம் அனுமதிக்கிறதா? தண்ணீர் தெளிவாக, இறங்கக்கூடியதாக இருக்குமா? மீன் இரை எடுக்கிற காலமா, இனம் பெருக்குகிற காலமா? இந்த மூன்றுக்கும் பதில் வாங்கிக்கொண்டு அப்புறம் லீவு போடுங்கள். ஆறு நம் லீவுக்குத் தெளியாது. நாம்தான் ஆற்றின் தெளிவுக்கு லீவு எடுக்க வேண்டும்.

மீனுக்கு மட்டுமில்லை, வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கும் அதேதான். கதவுக்கு வெளியே காத்திருங்கள். விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். ஆனால் இடிக்காதீர்கள்.

காரியம் கைகூடப் பெரிதும் துணை நிற்பது ஏற்ற காலமே என்று நல்ல தீர்ப்பை, நல்ல நேரம் பார்த்து இப்போதே வழங்கிவிடுங்கள் என்று நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். (சிரிப்பு)

(பலத்த கைதட்டல்)